தன் மொழியில் ஏதோ

தை முதல் தேதி, கொள்முதல் நிலையத்துப்
பழைய சிட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன்:
ஒரு வருஷம், பன்னிரண்டு நாடு, பன்னிரண்டு நாவல்.
பக்கம் தாண்டக் கூடாது.
முடிவை முன்னால் பார்க்கக் கூடாது.
பாஸ்போர்ட் இல்லாதவன் போட்டுக்கொண்ட சட்டம்.

கூத்தாநல்லூர் நூலகத்தில் ஷம்சுல் ஹுதா
முத்திரை குத்திக்கொண்டே கேட்டார்:
"நெல்லுக்குக் காவல் இருக்கிற ஆளுக்கு
எதுக்குங்க நார்வே?"
பதில் தெரியவில்லை.
பதினைந்து நாள் தவணை என்பது தெரிந்தது.

அந்த நார்வேக்காரன்
இருநூறு பக்கம் தனியாகச் சாப்பிட்டான்.
'சாப்டாச்சா' என்று ஒரு ஆள் கேட்கவில்லை.
எனக்குத்தான் பசித்துக்கொண்டே இருந்தது.
தார்ப்பாய் மேல் பருவம் தப்பிய மழை,
கீழே எண்ணூறு சிப்பம்,
நடுவில் நான், டார்ச், அவன்.

ரஷ்யாவில் ஒருவனுக்கு நாலு பெயர்.
குழம்பிப்போய்த் தனித்தாளில் வம்சம் வரைந்தேன்.
பிறகு சிரிப்பு வந்தது.
எங்கள் சுமைதூக்கி
ரேஷன் கார்டில் தட்சிணாமூர்த்தி, வீட்டில் தம்பு,
களத்தில் ஒத்தை மூட்டை,
கடன்காரனுக்கு 'இப்பத்தான் வெளிய போனாரு'.

நைஜீரியாவில் எல்லாரும் கிழங்கு தின்றார்கள்.
அடிக்குறிப்பு சொன்னது: ஒருவகைக் கிழங்கு.
எந்த வகை? கருணையா, வள்ளியா, சிறுகிழங்கா?
மொழிபெயர்த்தவர் மேல்
மூன்று நாள் எரிச்சல்.

ஹாலந்து மட்டும் பக்கத்து ஊர் மாதிரி.
கடல் மட்டத்துக்குக் கீழே நிலம்,
கரை காக்கிற ஒருவன்,
தண்ணீர் வந்துவிடுமோ என்று தூங்காமல் கிடக்கிறான்.
கடைமடையில் எங்களுக்கு
வரவில்லையே என்று ஆனியில் தூக்கமில்லை,
வந்துவிட்டதே என்று கார்த்திகையில்.

ஜப்பானைப் பாதியில் மூடினேன்.
வயலின் பச்சையைப் பதினாறு பக்கம் வர்ணித்தவர்
மூட்டை என்ன விலைக்குப் போனது என்று சொல்லவில்லை.

ஐப்பசியில் வந்தது அந்தத் தீவு நாவல்.
கரும்புத் தோட்டம், பிரெஞ்சுத் துரை,
பக்கம் நூற்றுப் பன்னிரண்டில் ஒரு கப்பல்,
காரைக்காலிலிருந்து.
எனக்கு இரண்டு பஸ் மாறினால் காரைக்கால்.
மலைகள் சூழ்ந்த துறைமுகம் என்று எழுதியிருந்தது.
மலையா!
தேடினாலும் ஒரு மேடு கிடைக்காது.
சரி, போகட்டும்.
கப்பலில் ஒரு பெண். பெயர் இல்லை.
கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள்.
'தன் மொழியில் ஏதோ சொன்னாள்.'
அடுத்த பத்தியில் செத்துப்போனாள்.

ஏதோவா?
அது என் மொழி, ஐயா.
பென்சிலை எடுத்தேன். நூலகப் புத்தகம், தெரியும்.
ஓரத்தில் மூன்று எழுதி இரண்டை அழித்தேன்.
மிச்சம் நின்றது:
'உப்பு போதலை.'

அன்று முழுக்கக் கோபம், கொஞ்சம் பெருமையும்.
ராத்திரி நோட்டைப் புரட்டினால்
புரட்டாசியில் என் கையெழுத்து:
'நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வந்தாச்சு.
ஷெட்டில் படுத்துக்கொண்டு அவங்க பாஷையில்
ஏதோ பேசறாங்க. தூக்கம் போச்சு.'
காவல்காரனுக்குத் தூக்கம் எதற்கு என்பது இருக்கட்டும்.
ஏழு நாடும் பாதி ஜப்பானும் முடித்தவன் எழுதியது இது.

மறுநாள் இருட்டுகிற நேரம்
குழாயடியில் சேற்றுக்கால் கழுவிக்கொண்டிருந்தான்
சுபோல் மண்டல். இருபது வயசிருக்கும்.
என்னவோ சொல்லித் தோளில் அறைந்துகொண்டான்.
என்ன, என்றேன். முழித்தான்.
கையை ஆட்டித் திரும்பக் கேட்டேன்.
உள்ளங்கையை விரித்துக் காட்டினான்:
நசுங்கிய கொசு, ஒரு சொட்டு ரத்தம்.
"மோஷா."
எழுதிக்கொண்டேன்.

மார்கழி முடிய இன்னும் மூன்றரை நாடு பாக்கி.
முடியாது போலிருக்கிறது.
தீவு நாவலுக்கு அபராதம் நாலு ரூபாய்.
ஷம்சுல் ஹுதா பக்கத்தைப் புரட்டி நிறுத்தினார்,
ரப்பரை எடுத்தார், குனிந்து படித்தார்.
"கஞ்சியிலயா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
ரப்பரை மேஜையில் வைத்துவிட்டு
சில்லறை கேட்டார்.