அரை மணி நேரம்

ஊசி போட்டபின் அரை மணி நேரம்
இங்கேயே உட்கார வேண்டும்.
மூச்சுத் திணறினால், உதடு வீங்கினால்,
உள்ளங்கை அரித்தால்கூட
என்னைக் கூப்பிட வேண்டும்.
மூன்று வருடமாக இதைச் சொல்கிறேன்,
மாதம் ஒருமுறை.
மூன்று வருடமாக எவ்ஃப்ராசியோ
முதல்முறை கேட்பவர்போல் தலையாட்டுகிறார்,
தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு
சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்காருகிறார்.

குப்பிக்குள் இருப்பது அவருடைய மரம்தான்:
ஆலிவ் பூவின் மகரந்தம்,
கண்ணுக்கு அகப்படாத அளவில்.
மார்தோஸில் எந்தப் பக்கம் திரும்பினாலும்
குன்று குன்றாய் அதே மரம்.
எழுநூறு அவருக்குச் சொந்தம்.
அதன் எண்ணெயில்தான் காலை ரொட்டி,
பொரித்த முட்டை, கதவுக் கீலின் கிறீச்சுக்கு வைத்தியம்.
ஒரு சொட்டும் அவரை ஒன்றும் செய்ததில்லை.
மே மாதம் பூ அவிழ்ந்தால் மட்டும்
கண்ணில் மணலைக் கொட்டியதுபோல்.
மூக்கு, மூட மறந்த குழாய்.
இரவில் நெஞ்சுக்குள் யாரோ
அதே கிறீச்சுக் கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள்.

சளி என்றாள் மனைவி காபீயா,
பதினோரு வருடம்.
சளிக்கு ஒரு முடிவு உண்டு, வாரத்தில் போய்விடும்.
இது நாள்காட்டி பார்த்து வருகிறது.
மழைக்கு அடங்குகிறது, காற்றுக்கு எகிறுகிறது.
தபால்காரனைத் திருடனென்று நினைத்து
ஊரைக் கூட்டுகிற உடம்பு.
டாக்டர் இதை வேறு சொற்களில் சொன்னார்.
எவ்ஃப்ராசியோ கேட்டது ஒன்றுதான்:
"எழுநூறையும் வெட்டச் சொல்கிறீர்களா?"

சொல்லவில்லை.
சொன்னதெல்லாம் சின்னக் காரியங்கள்.
தும்மிய பிறகல்ல,
மொட்டு கண்டதுமே மாத்திரையைத் தொடங்குங்கள்.
ஸ்ப்ரேயை மூக்கின் நடுச்சுவரில் அடிக்காதீர்கள்,
வலக்கையால் இடத் துவாரத்துக்கு,
இடக்கையால் வலத்துக்கு.
சட்டையை வெளியே கொடியில் போடாதீர்கள்.
தோப்பிலிருந்து வந்ததும் தலைக்குக் குளியுங்கள்.
கடைசியை மட்டும் காபீயா நிறைவேற்றினாள்,
வாசலிலேயே, தோட்டத்துக் குழாயால்.

அதன்பிறகுதான் ஊசி.
முள்ளில்லாத மரத்தின் முள்ளை
அதைக்கொண்டே எடுப்பது.
கையில் எழும்பும் தடிப்பை அளந்து எழுதுகிறேன்:
முதல் மாதம் ஊறுகாய் ஆலிவ் அளவு,
போன குளிர்காலத்தில் அதன் கொட்டை அளவு.

சென்ற மே மாதம்
ஒரு தும்மல்கூட இல்லை.
டாக்டர் வெளியே வந்து கைகுலுக்கினார்.
எவ்ஃப்ராசியோ சிரிக்கவில்லை.
காற்றில் எத்தனை துகள் என்று
தினமும் நான் எழுதும் பலகையைக் காட்டினார்.
நாற்பத்திரண்டு.
"பூவே இல்லையே."
மழை பொய்த்த வருடம்.
டிசம்பரில் வலை விரித்துக் கிளையை அடித்தபோது
விழுந்ததெல்லாம் இலை.
அந்த எண் எனக்கு,
இன்று எத்தனை பேர் இருமிக்கொண்டு வருவார்கள் என்பது.
அவருக்கு வங்கித் தவணை.
அவர் நிம்மதியாக மூச்சுவிட்ட ஒரே வசந்தத்தில்
டிராக்டரை விற்றார்.

இந்த மார்ச்சில் பெய்தது,
சாக்கடை மூடிகள் மிதக்கும்வரை.
இன்று காலை பலகையில் நான்கு இலக்கம் எழுதும்போது
சாக்பீஸ் முறிந்தது.
கூடமெங்கும் கைக்குட்டைகள், சிவந்த மூக்குகள்,
உள்ளே வந்தும் கழற்றாத கறுப்புக் கண்ணாடிகள்.
பூக்காலமென்பதால் எவ்ஃப்ராசியோவுக்குப் பாதி மருந்துதான்.
கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி
பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

பத்தாவது நிமிடம் ஒரு தும்மல்.
எழுந்தேன். கையை உயர்த்தி வேண்டாமென்றார்.
பதினேழாவது நிமிடம் இன்னொன்று.
எல்லோரும் திரும்பிப் பார்க்கக் காத்திருந்தோம்.
அவ்வளவுதான்.
"இரண்டு," என்றார்,
பேரம் முடிந்த குரலில்.

பிறகு மருமகனுக்குப் போன் போட்டு
பலகையிலிருந்த எண்ணை
இலக்கம் இலக்கமாய் வாசித்தார்,
அவன் தப்பாக எழுதிவிடக் கூடாதென்று
மறுபடியும்.
தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

உட்காருங்கள் என்றேன்,
இன்னும் பதினோரு நிமிடம் இருக்கிறது.