பகரம்

தூக்கினால் தோள் சொல்லும், அவ்வளவு பாரம்.
டொரிங்டன் சதுக்கத்து இரண்டாம் கலையகத்தில்
பச்சைத் துணி விரித்த மேசையில் இருந்தது.
இரவில் மூட அதற்கென்று ஒரு உறை.

வயிற்றுக்குள் ஒரு அலுமினிய நாடா,
வெங்காயச் சருகைவிட மெல்லியது.
பேசினால் நடுங்கும். ஊதினால் கிழியும்.
ஜான்ஸ் சுவரில் ஒட்டிய காகிதம்
மூன்று மொழியிலும் ஒன்றையே சொன்னது:
ஊதாதீர்.

மகரம் தடவிக்கொண்டு போய்விடும்.
பகரம் அறையும்.
உதடு ஒட்டித் திறக்கையில் வருகிற சின்னக் காற்று
நாடாவுக்குப் புயல்.

யோகாம்பிகை அதற்கு ஒரு வழி வைத்திருந்தா.
ப வருமுன் முகத்தை
ஒரு விரற்கடை இடப்புறம் திருப்புவா.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
குமிழில் விரல் வைத்திருந்த எனக்கு
வலது காதுத் தோடு மினுங்கும்.

மரண அறிவித்தல் நேரம்
தோடு ஓயாது.
பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும்
பம்பலப்பிட்டியை வசிப்பிடமாகவும் கொண்ட
இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர்,
செட்டியார் தெருக் கணக்கப்பிள்ளை,
கொட்டாஞ்சேனைத் தையற்காரர்.
பிறந்ததிலும் ப, வசித்ததிலும் ப.
காலமானார் என்பதில் மட்டும் இல்லை.
அந்த ஒரு சொல்லை
நேரே பார்த்துச் சொல்லுவா.

ஐப்பசி மழை. ஆறே முக்கால்.
பியோன் ஈரக் கையோடு தந்த சீட்டுகள் ஏழு.
ஐந்தாவதில்
புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும்...
தோடு மினுங்கவில்லை.
ஊசி சிவப்பில் போய் அடித்தது,
சுழியில் வந்து விழுந்தது.
என் காதுக்குள்
காலிமுகத்துக் கடலை யாரோ நிறுத்திவிட்டமாதிரி.

அவவுக்குத் தெரியாது, வாசித்துக்கொண்டே போனா.
தடித்த கண்ணாடி. உதட்டை மட்டும் பார்த்தேன்.
பெயர் பிடிபடவில்லை.
வயது முப்பத்தொன்றோ, முப்பத்திரண்டோ.
காலமானார் என்ற இடத்தில்
முகத்தைத் திருப்பினா.

மாற்று மைக்கின் விசை கைக்கெட்டும் தூரம்தான்.
என் கை போய்ச் சேரச்
சுணங்கியது.
அதற்காக விளக்கக் கடிதம் கேட்டார்கள்,
எழுதிக் கொடுத்தேன்.

ஜான்ஸ் சிகரட் டின்னின் ஈயத்தாளை
பிளேடால் நறுக்கி உள்ளே பூட்டினான்.
சத்தம் கொஞ்சம் கரகரத்தது, கொழும்பில்
ஒருவரும் முறையிடவில்லை.
பழுதுப் புத்தகத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
கோப்புக்குத் திரும்பிய சீட்டுகள் ஆறு.
ஏழென்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நேரத்துக்கே வந்தா,
குடையை மடக்கி மூலையில் சாத்தினா.
பதுளையைப் பிறப்பிடமாகவும்...
முகம் திரும்பியது, சரியாக
ஒரு விரற்கடை.
காதில் ஒன்றுமில்லை,
துவாரம் மட்டும்.

ப எப்போது வருமென்று
அன்றிலிருந்து
நானே கேட்டுப் பழகவேண்டியதாயிற்று.