மூன்று நாள் விடுப்பு

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
பென்சிலால் மூன்று கட்டம் போட்டிருக்கிறார் தனசீலன்.
வெள்ளி, சனி, ஞாயிறு.
பக்கத்தில் ஓத அட்டவணை,
விசிறிக் காற்றில் பறக்காதிருக்க
அதன்மேல் மிளகாய்த்தூள் டப்பா.

யீஷூனிலிருந்து கடற்கரைக்குப் போக
யாராவது இவ்வளவு கணக்குப் போடுவார்களா
என்று போனில் சிரிக்கிறாள் தங்கை.
பினாங்கு போயேன், பாலி போயேன் என்கிறாள்.
பஸ் போகிற தூரத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்களை
அவள் பார்த்ததில்லை.

சுங்கை பூலோவுக்கு நீர் ஏற வேண்டும்.
சேறு மூழ்கினால்தான் உள்ளானும் பவளக்காலியும்
குளத்தோரம் ஒதுங்கி
ஒற்றைக்காலில் தூங்கும்.
செக் ஜாவாவுக்கு நீர் இறங்க வேண்டும்.
வெள்ளி ஏற்றம் காலை ஒன்பதே முக்கால், நல்லது.
சனி வற்று மாலையில்.
மாலையில் மழை.
ஜனவரி மழைக்கு யாரும்
அட்டவணை அச்சடிப்பதில்லை.

இருபத்தாறு வருடமாய்
சாங்கியில் விமானங்களுக்கு நடுவே
இழுவை வண்டி ஓட்டுகிறவர்.
ஓடுபாதைப் புல்லில் முதல் கல்பொறுக்கியைப் பார்த்த அன்று
சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:
"சைபீரியாவிலேர்ந்து வந்திருக்கு.
கையில ஒரு பை கிடையாது."
அன்று பிடித்தது.

பட்டாம்பூச்சி என்னுடையது.
எருக்கஞ்செடி கண்டால்
இலையைத் திருப்பி வெந்தயவரியன் முட்டை தேடுவேன்.
வெயில் ஏறாமல் எழாத சோம்பேறிகளுக்கு
ஒரு நாளா என்பார்.
அரைநாள்தான் தருவார் வருடாவருடம்,
பேரம் பேசி மேலும் ஒரு மணி நேரம் வாங்குவேன்.

இந்த முறை நான் கேட்கவே இல்லை.
சனிக்கட்டத்தில் அவரே எழுதினார்
பட்டாம்பூச்சி.
ஞாயிறிலும்.

"வயசாகுது, விடியல்ல எழ முடியல" என்றார்,
நாலு மணி ஷிப்டுக்கு
அலாரம் இல்லாமல் எழுகிறவர்.

போன வாரம்
தாழ்வாரத்துச் செம்பருத்தியில் தேன்சிட்டு.
ஊசிமுனை கண்ணாடியில் கீறும் குரல்.
ஒரு கை தூரத்தில் குனிந்து
பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.
பூவைப் பார்க்காமலே
ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடியவர்.

செய்தி வாசிப்பவர் நம் வீட்டில்
கத்தத் தொடங்கியது எப்போது?
இருவாச்சி கேட்கிறது அவருக்கு.
விடியலில் ஊரையே எழுப்பும் குயில் கேட்கிறது.
மெல்லிய குரல்களை மட்டும்
ஒவ்வொன்றாய் எஞ்சின்கள் எடுத்துப் போயிருக்கின்றன,
அவர் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை.

எலுமிச்சை அழகிக்குக் குரலில்லை.
எல்லோர் காதும் அதனிடம் ஒன்றுதான்.

ரப்பரை எடுத்து
ஞாயிறை அழித்தேன்.
காலை ஏழு, உபின், தையல்சிட்டு, தேன்சிட்டு
என்று எழுதித் தள்ளினேன் அவர் பக்கம்.
நெடுநேரம் படித்தார்,
நாலே நாலு சொல்லை.

"ஏழுக்கா? இருட்டா இருக்குமே."
"இருக்கட்டும்."
"நீ படகுத்துறையில காப்பி குடிச்சிட்டுல்ல இருப்பே?"
"இந்தத் தடவை கூட வர்றேன்.
எனக்குப் பேர் தெரியாது.
சத்தம் வர்ற பக்கம் கை காட்டுறேன்.
பேர நீங்க சொல்லுங்க."

விசிறி சுற்றியது.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
போட்டார், மறுபடி துடைத்தார்.
"பன்னிரண்டு பேர் சேர்ந்தாத்தான் படகு எடுப்பான்"
என்றார் கடைசியில்.
"அவ்வளவு காலையில யார் வருவா?"
"மீதிப் பத்து பேர் காசையும் நாம கொடுத்துடலாம்."

ஞாயிறு ஏற்றம் எப்போது என்று பார்க்க
அட்டவணையை இழுத்தார்.
மிளகாய்த்தூள் டப்பா உருண்டு விழுந்தது.
அது கேட்டது அவருக்கு,
திடுக்கிட்டார்.
நான் சிரித்துவிட்டேன்.