மூன்று அங்குலம் இடப்பக்கம்

முதலில் எறும்பு வந்தது.
வெள்ளை பிரைமர் காய்வதற்குள்
சுவரில் பழுப்பாய் ஒரு கசிவு.
விரல் வைத்து நக்கிப் பார்த்த வயரிங் பையன்
இனிக்குது மேடம் என்றான்.

அறுபது வருஷம் வெல்லம் அடுக்கிய மண்டி.
சித்தூரில் சித்திரை ஏறினால்
செங்கல்லுக்கும் வேர்க்கும்.
மருந்தடிப்பவன் மூன்று தடவை வந்தான்,
மூன்று தடவையும் பில் கொடுத்தான்.
எறும்புகள் படிக்கட்டுப் பக்கமாய்
கொஞ்சம் சுற்றிப் போகப் பழகிக்கொண்டன.

நான் திருத்தணியிலிருந்து ஆறு மணி பஸ்.
சைட் சூப்பர்வைசர். ஹெல்மெட்டுக்குள் ஈரத் தலை.
முதலாளி செங்கல்வராயன், தாத்தா கட்டிய மண்டியை
நாற்பது நாற்காலிக்கு
நாள் வாடகைக்கு விடப் போகிறார்.
கம்பெனி இல்லாதவர்களும் வரலாமாம்,
ஒரே மேசை, ஒரே காபி மெஷின்.
ஷேரிங் ஆபீஸ் என்று அவர் சொன்னது
கொத்தனார் மொகிலி காதில்
சேரி ஆபீஸ் என்று விழுந்தது.
"எங்களுக்கா சார்?" என்றார்.
எல்லோரும் சிரித்தோம். அவரும்,
கடைசியாக.

காரை சுரண்டிய மூன்றாம் நாள்
திராசு தொங்கிய உத்தரத்துக்குக் கீழே
கரியால் எழுதிய கணக்கு வெளிப்பட்டது.
தெலுங்கு எழுத்து. மேலே வியாபாரிகள்,
வரவேண்டிய பாக்கி.
கீழே மூட்டை தூக்கியவர்கள்,
வாங்கிய முன்பணம்.
மேலே உள்ள பேருக்கெல்லாம் வாலில் காரு.
கீழே உள்ள பேருக்கெல்லாம் காடு.
ஓர் எழுத்துதான் மாறுகிறது.
ஒன்று ஐயா,
இன்னொன்று அடேய்.

பெங்களூர் டிசைனர் வீடியோவில் பார்த்துத் துள்ளினாள்.
தொடாதீங்க, கண்ணாடி போடுங்க,
மேலே ஒரு மஞ்சள் லைட்,
சுவர் பேசுது பாருங்க என்றாள்.
முதலாளிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.
"எங்க தாத்தா கையெழுத்து."

மொகிலி எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.
பத்தாவது வரியில் உதடு நின்றது.
கங்கன்னகாடு, பதினேழரை.
யாரு என்றேன்.
நாயனா என்றார்,
டீ கிளாஸை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டுக்
கரண்டியைக் கழுவப் போனார்.
ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கரண்டி.

அழிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லியிருப்பேன்,
அது உண்மையும்கூட.

அன்று ராத்திரி வரைபடத்தை விரித்து
எலக்ட்ரிகல் தாளில்
ஒரு சுவிட்ச் பெட்டியை
மூன்று அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'பைப் இடிக்கிறது' என்று எழுதினேன்.
எந்தப் பைப் என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

உளி பிடித்தது மொகிலிதான்.
ஒரு மணி நேர வேலைக்கு
அரை நாள் எடுத்துக்கொண்டார்.
குழி அவ்வளவு நேராக
அந்தக் கட்டடத்தில் வேறெதுவும் இல்லை.
உதிர்ந்த பொடியைத் துடைப்பத்தால் கூட்டாமல்
இரண்டு கையாலும் அள்ளி வெளியே போனார்.
எங்கே கொட்டினார் என்று நான் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்கவே
கேபிள் சுருளை மறுபடி எண்ணினேன்.

இப்போது கண்ணாடிக்குப் பின்னால்
ஒன்பது காடுகள் மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கின்றன.
அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.
பிள்ளைகள் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.
பத்தாவது இடத்தில் ஆறு பிளக்.
சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்று
எல்லோருக்கும் அந்த மூலைதான் பிடிக்குமாம்.

நேற்று மேனேஜர் பெண் ஹேமாத்ரி கூப்பிட்டாள்.
வேறெங்கும் இல்லை மேடம்,
அந்த ஒரு பெட்டியிலிருந்து மட்டும்
வரிசையாக எறும்பு வருது,
லேப்டாப் மேலே ஏறிப் போகுது,
வாரண்டியில் வருமா?

வராது என்று சொல்லிவிட்டேன்.