அறுபத்துமூன்று, முப்பத்தேழு

லாங் பஜார், பன்னிரண்டரை மணி.
வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொள்கிற சத்தம்.
கடைக்காரர் நான்கு சுருளை மேஜையில் உருட்டினார்.
"எதுவானாலும் உருகத்தானே போகுது மேடம்,
மலிவானதை எடுங்க."

உருகும்தான்.
எப்படி உறைகிறது என்பதற்குத்தான் காசு.

அறுபதுக்கு நாற்பது:
உருகலுக்கும் உறைதலுக்கும் நடுவே
ஐந்தாறு டிகிரி கூழாய் நிற்கும்.
அந்த நேரம் கை ஆடினால்,
மேலே ஒட்டினாற்போல் இருக்கும்,
உள்ளே விட்டுப்போயிருக்கும்.
பத்து நாள் பேசும்.
பதினோராம் நாள்
சட்டைப் பையைத் தட்டினால்தான் பேசும்.

ஈயமே இல்லாதது:
விலை மூன்று மடங்கு, சூடு இன்னும் நாற்பது டிகிரி.
புது போர்டுக்கு, ஏற்றுமதிக்குச் சரி.
என் இருபத்தைந்து வாட் அயர்னுக்கு மூச்சு வாங்கும்.
பழைய போர்டில் செம்புத் தடம்
வேர்க்கடலைத் தோல் மாதிரி உரிந்து வரும்.

மூன்றாவதின் லேபிளில் அறுபது என்றிருந்தது.
நிறம் சாம்பல்.
லேபிளை நான் திருப்பி வைத்ததை
அவர் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார்.

அறுபத்துமூன்று, முப்பத்தேழு.
அரை மில்லிமீட்டர் கம்பி, நடுவே குங்கிலியம்.
நூற்று எண்பத்துமூன்றில் நீர்.
நூற்று எண்பத்திரண்டில் கல்.
ஐம்பது கிராம் கொடுங்க என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
லாட்ஜ்களுக்குக் கீழே என் கடை.
பலகையில் தமிழுக்குக் கீழே வங்காளம்.
எழுதியவன் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டானாம்;
தினம் யாராவது நின்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.
காலையில் நிதாய் மண்டலும் சொன்னார்.
பர்த்வான். மகளுக்குச் சிறுநீரகம்.
பத்தொன்பது நாளாக மூன்றாம் மாடி அறை.
காது மெஷின் செத்துப்போய்
டோக்கன் நம்பர் கூப்பிட்டது கேட்காமல்
இரண்டு முறை வரிசையின் வாலுக்குப் போனவர்.
"சீக்கிரம் செலினாக்கா" என்றான்
கூட வந்த லாட்ஜ் பையன் இம்தியாஸ்,
அவசரம் தன்னுடையது போல.

திறந்தால் உள்ளே பச்சை.
யாரோ குழாய் வேலைக்கு வைக்கிற ஆசிட் பேஸ்ட்டை அப்பிப்
பற்றவைத்திருக்கிறார்கள்.
அன்றைக்குப் பளபளத்திருக்கும்.
அப்புறம் ஆறு மாதம்
உட்கார்ந்து தின்றிருக்கிறது.

ஸ்பிரிட்டில் நனைத்த பல் பிரஷ்.
தின்றது போக மிஞ்சிய செம்பில்
முதலில் சூடு, பிறகு கம்பி.
மாற்றிச் செய்தால் உருண்டு நிற்கும், ஒட்டாது.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
இந்தக் கம்பிக்குத் தேவையில்லை.
இருந்தாலும்.

கெட்ட சேதி கேட்டவர்கள் சொல்வார்கள்
ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினாற்போல என்று.
எதிர்க் கட்டடத்திலிருந்து இறங்கி வருகிறவர்களின் முகத்தில்
மொழி தெரியாமலே அதைப் படித்திருக்கிறேன்.
நான் ஊற்றியது எள்ளில் பாதி.

நாலு மணிக்கு வந்தார். மாட்டிக்கொண்டார்.
முதலில் நுழைந்தது
"காட்பாடி காட்பாடி காட்பாடி காட்பாடி."
இரு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.
இந்தியில், மெதுவாக,
உங்கள் ஊரைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்றார்.
சக்கரத்தைக் காட்டினேன்.
குறைத்தார்.
அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நின்று
கடைசி எண் வரை கூட்டினார்.

அயர்னை நிறுத்தினேன்.
புகையைப் பார்த்துத்தான் ஆட்கள் ஒதுங்குவார்கள்.
புகை குங்கிலியம்; அதற்கு ஃபேன் போதும்.
ஈயம் விரலில் இருக்கிறது.
சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி,
நகக்கண்ணை வெளிச்சத்தில் பார்த்து,
இன்னொரு தரம் கழுவிவிட்டு
மத்தியானச் சோற்றைத் திறந்தேன்.
இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்,
ஆறிப்போயிருந்தது.