மூன்றாவது பேரீச்சை

பருப்பு அரித்துக்கொண்டிருந்தபோது வந்தான்
வரிக் கணக்கன் பெத்தேயுஸ்,
சுருளேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு,
கழுதையை எங்கள் வாசல் முளையில் கட்டிவிட்டு.
எத்ஃபு நகரின் நாலாம் வட்டத்தில்
அன்று காலை அவனுக்கு இது ஒன்பதாவது வீடு.
வியர்வை. ஈ. தண்ணீர் கேட்டான்.
கொடுத்தேன்.

"குழந்தைக்கு?" என்றான்.
"இரண்டு" என்றேன்.
மரியோனும் இரண்டு விரல் நீட்டினாள்
ராத்திரியெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி,
மூன்றாவது எழும்பாமல்
கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து.

அவன் சிரிக்கவில்லை. அதட்டவும் இல்லை.
மடியிலிருந்து பேரீச்சம்பழங்களை எடுத்துப்
பாயில் கொட்டினான்.
"வயதுக்கு ஒன்று. எடுத்துக்கொள், கண்ணு."

ஒன்று எடுத்தாள்.
இன்னொன்று.
என் முகத்தைப் பார்த்தாள்.
நான் பருப்புக்குள் கல் தேடினேன்.
மூன்றாவதின் மேல் அவள் கை போனபோது
பொய் படியாத பிள்ளையைப் பெற்றேன் என்று
ஒரு கணம், வெட்கமே இல்லாமல்,
பூரித்துப்போனேன்.

எட்டு திராக்மா, இரண்டு ஓபோல்.

முன்பும் கொடுத்தோம்தான்.
இருபது தாண்டிய ஆண்கள், தலைக்கு அரை ஷெக்கல்.
மாமனார் அதை நீலக் கோடிட்ட ஜாடியில் சேர்த்து,
வாயை மெழுகால் அடைத்து,
நைல் இறங்கும் படகில் ஏற்றுவார்
ஜெருசலேமுக்கு.
திரும்பி வரும் படகில் எங்களுக்கு ஒன்றும் வராது.
ஒன்றும் வரவேண்டாம் என்றுதான் அனுப்பினோம்.

இப்போது பெண்களுக்கும் உண்டு,
அடிமைக்கும் உண்டு,
பால் மறந்த மறுநாள் பிள்ளைக்கும் உண்டு.
காசு போவது ரோமுக்கு, ஜூப்பிட்டரின் குன்றுக்கு.
அந்தக் கோயிலும் எரிந்துதான் போனதாம்.
கட்டி எழுப்புகிறார்கள்
எங்கள் கல் பெயர்ந்த காசில்.

"அதை யார் எரித்தது?" என்று
வெங்காயம் வாங்க வந்த விபேனியுஸிடம் கேட்டேன்.
அடுத்த சந்தில் குடியிருக்கும் பழைய படைவீரன்,
இடது காலைச் சற்று இழுத்து நடப்பவன்.
"நாங்களேதான்" என்றான்.
"எங்களுக்குள் சண்டை."

இன்னொரு கேள்வி என் நாக்கில் இருந்தது.
அந்த முற்றுகையில் அவன் நின்றவன் என்று
தெருவுக்கே தெரியும்.
எடைக்கு மேல் ஒரு வெங்காயம் போட்டேன்,
எப்போதும் போல.
அவன் அதை எடுத்துத் திரும்பக் கூடையில் வைத்தான்.
அது எப்போதும் போல அல்ல.

ரசீது எழுத ஓடு தேடினான் பெத்தேயுஸ்.
பாப்பிரஸ் விலைக்கு நாங்கள் தகுதியில்லை.
சுவரோரக் குப்பையில் குனிந்து
கைக்கு அடக்கமாய் ஒன்றை எடுத்தான்.
நீலக் கோடு.
அந்த ஜாடியை யாரும் உடைக்கவில்லை.
செய்தி வந்த வருடம்
வேலையில்லாமல் மூலையில் கிடந்து
பூனை தட்டி விழுந்தது, அவ்வளவுதான்.

"தொசிதெயோஸ் மகள் மரியோன்,
யூத வரி, செலுத்தியாயிற்று,
பௌனி மாதம் பன்னிரண்டு."
மை காய ஊதினான்,
கஞ்சி ஆற்றுகிறவன் போல
மெல்ல, கன்னம் உப்ப.

அவன் போனபின் அவள் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.
பேரீச்சங்கொட்டை மூன்றையும் அதில் படுக்கவைத்துத்
தாலாட்டினாள்.
மகளே, எச்சில் படக்கூடாது,
அழிந்தால் மறுபடி கேட்பான் என்று
பறிக்கப் போனேன்.
பறிக்கும்போதுதான் தைத்தது:
உன் பெயரை
உலகத்தில் யாரும் எழுதியது
இதுவே முதல்முறை.

தொசிதெயோஸ் மாலையில் வந்து
ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கோடு பக்கத்தில் கட்டைவிரல் நின்றது.
அறுபத்திரண்டு வயது வரை உண்டாம், என்றேன்.
அவன் உப்பு ஜாடிக்கு மேலிருந்த பலகையை
ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு,
இது தாங்காது,
இன்னும் இரண்டு ஆணி வேண்டும் என்றான்.