வாய்தா

எபியெரே தன் குதிரைமயிர் விக்கை
எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாள்.
"தலை பெருத்தால் கடிக்கும், பார்த்துக்கொள்" என்றாள்.
ரசீது கேட்டேன்.
எழுதியே கொடுத்தாள், தேதி போட்டு.

போர்ட் ஹார்கோர்ட்டில் மார்ச் மாதம்.
கறுப்பு கவுன், கழுத்தில் வெள்ளைப் பட்டி,
அதற்குமேல்
எந்த நாட்டிலோ எப்போதோ செத்துப்போன ஒரு குதிரை.
வியர்வை காதோரம் இறங்கி
மனுவின் மூன்றாம் பத்தியில் சொட்டும்.
பதினான்கு வருடம் அவள் அங்கே நின்றாள்.
நான் அவள் பின்னால், கட்டு சுமந்து, நான்கு வருடம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லியாக வேண்டும்.
பாரிடோவின் மீன்குளத்தில் எண்ணெய் கசிந்த வழக்கு.
குளத்துக்கு மேலே குழாய்
குழாய்க்கு மேலே கம்பெனி
கம்பெனிக்கு மேலே ஏழு வக்கீல்கள்.
வழக்குப் போட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த கடைசி மகள்
அன்று தன் பிள்ளையை இடுப்பில் வைத்து
வாசலில் நின்றாள்.

"வாதி எங்கே?"
"இறந்துவிட்டார், மை லார்ட்."
நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார்.
வெளியே ஜெனரேட்டர் இருமியது.
"அடுத்த வாய்தாவுக்காவது
தவறாமல் வரச்சொல்லுங்கள்."

முதலில் தும்மல் என்றுதான் நினைத்தேன்.
பிறகு கவுன் குலுங்கியது.
பிறகு மேஜை.
ஏழு வக்கீல்களில் ஒருவர்
கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.
நான் மகளைப் பார்த்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

கோர்ட்டை அவமதித்ததற்கு அபராதம்.
எண்ணி வைத்தாள், சில்லறை கூடக் கேட்கவில்லை.

வீட்டில் கணவன் ஒரே ஒரு வாதம்தான் வைத்தான்:
"வக்கீலின் புருஷன் என்று சொல்லித்தானே
கார் லோன் வாங்கினேன்?"

தியோபுவில், டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு மதுக்கூடம்.
வெள்ளிக்கிழமை இரவுகளில் யாரும் மைக் பிடிக்கலாம்.
பழக்கதோஷத்தில்
மைக்கைப் பார்த்து "மை லார்ட்" என்று தொடங்கினாள்.
முதலாவதாக என்றாள். இரண்டாவதாக என்றாள்.
ஒவ்வொரு ஜோக்குக்கும் சாட்சி வைத்து
அதை நிரூபித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு மெக்கானிக் தொண்டையைச் செருமினான்.
வறுத்த மீன் விற்பவள் கடாயைப் பார்த்தாள்.
நான் கை தட்டினேன்.
அது இன்னும் மோசம்.

ஐந்து வெள்ளி அப்படியே போயின.

ஆறாம் வெள்ளிக்கு முன்
பஸ் பிடித்து, மோட்டார்சைக்கிள் பிடித்து
பாரிடோவின் மகளைத் தேடிப் போனாள்.
உன் அப்பாவின் கதையை மேடையில் சொல்லட்டுமா?
அவள் வெகுநேரம் மரவள்ளி உரித்தாள்.
"சொல்.
ஆனால் முப்பத்தொரு முறையும்
தன் காசில் பஸ் ஏறித்தான் வந்தார் என்று
அதையும் சொல்."

சொன்னாள்.
'தவறாமல் வரச்சொல்லுங்கள்' என்ற இடத்தில்
கரண்ட் போனது.
மைக் செத்தது. முகங்கள் போயின.
வாய்தா வாய்தா என்று கேட்டே தேய்ந்த வாய்,
வாய் தா என்று
அதுவரை பிரித்துக் கேட்டதில்லை அது.
இருட்டில் தன் சொந்தத் தொண்டையால் கத்தினாள்:
"பாருங்கள், வந்துவிட்டார்!"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு,
அப்புறம் கூரைத் தகரமே அதிர.
அது அடங்கும்வரை நின்று
பஸ் டிக்கெட்டைச் சொன்னாள்.
முப்பத்தொன்று.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
டயர்க் கடை நாய் குரைத்தது.

பிறகு அவள் என்னைப் பற்றி ஆரம்பித்தாள்.
செத்த குதிரைக்கு ரசீது கேட்டவன்.
மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறான், என்றாள்.
நல்லவேளை, இருட்டு.

திங்கட்கிழமை.
எதிர்தரப்பு அவகாசம் கேட்டது.
நீதிபதி என் பக்கம் திரும்பினார்.
எழுந்தேன்.
உள்ளே ஏதோ ஒன்று தும்மப் பார்த்தது.
"ஆட்சேபணை இல்லை, மை லார்ட்."

என் தலை அப்படி ஒன்றும் பெரிதில்லை.
கடித்தது.